ஹாக்கி கிளவுஸ் பேடிங்: வீட்டிலேயே பிரிப்பதா, தைக்கக் கொடுப்பதா, வேறு வாங்குவதா?

காலை ஐந்தரைக்குப் பயிற்சி தொடங்கும். அயனாவரத்திலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் பிள்ளைகளை வண்டியில் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஸ்டிக்கைப் பற்றி இல்லை, இடது கை கிளவுஸைப் பற்றித்தான். "மாஸ்டர், கிளவுஸ் போட்டா ஸ்டிக்கே கையில நிக்க மாட்டேங்குதுன்னு கழட்டிப் பைக்குள்ள போட்டுடறான். மேல தச்சிருக்கற ஸ்பாஞ்சை வீட்லயே பிரிச்சுடட்டுமா?" போன மாதம் மட்டும் நாலு பேர் கேட்டார்கள். மைதான ஓரத்தில் நின்று அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, உட்கார்ந்து முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான்கு வழிகள் இருக்கின்றன. வீட்டிலேயே பிரிப்பது, பை தைக்கிறவரிடம் கொடுப்பது, மெல்லிய கிளவுஸ் வாங்குவது, கிளவுஸைத் தொடாமல் மற்றதைச் சரிசெய்வது. நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் விரலும் உடைந்தது.

இது களத்தில் ஓடி ஆடுகிறவர்களின் கிளவுஸ் பற்றியது மட்டும்தான். கோல்கீப்பரின் கைக்கவசத்தில் ஒரு நூலைக்கூடத் தொடக் கூடாது. பெனால்டி கார்னர் (எதிரணி செய்த தவறுக்காகக் கோலுக்கு அருகில் கிடைக்கும் அடி வாய்ப்பு) தடுக்கும்போது போடும் தடித்த கிளவுஸுக்கும் அதே பேச்சுதான்.

## எதை வைத்து முடிவெடுப்பது

இடது கையின் வேலை. ஹாக்கியில் இடது கைப் பழக்கக்காரருக்கென்று தனி ஸ்டிக் கிடையாது. எல்லாருக்கும் இடது கை மேலே, வலது கை கீழே. ஸ்டிக்கைத் திருப்புவது இடது கை. வலது கை குழாய் மாதிரி தளர்வாக நிற்க, அதற்குள் கைப்பிடி சுழலும். அதனால் இடது உள்ளங்கையிலும் கட்டைவிரல் மடிப்பிலும் கொஞ்சம் தடிமன் கூடினாலும் ரிவர்ஸ் எடுப்பது, அதாவது ஸ்டிக்கின் முனையைத் திருப்பி இடப்பக்கப் பந்தை எடுப்பது, உடனே தாமதமாகும். பிள்ளைகள் சொல்லும் குறை பொய் இல்லை.

அடி எங்கே விழுகிறது. பந்தின் எடை 156 முதல் 163 கிராம். ஏறக்குறைய கிரிக்கெட் பந்தின் எடைதான். அது நேராக வந்து படுவது விரல் முட்டிகளிலும் விரல்களின் முதல் கணுவிலும். ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்து டேக்கிள் செய்யும்போது (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கும்போது) தரையில் தேய்வதும் அதே முட்டிகள்தான். சுண்டுவிரலின் வெளிப்பக்கத்துக்கு எதிராளியின் ஸ்டிக் வரும். உள்ளங்கையில் பந்து படுவது மிக அபூர்வம்.

எந்தத் தரை. கிராவல் மண்ணில் முட்டி சிராய்க்கும். டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், தோல் எரிந்தது போல் உரியும். தண்ணீர் விட்டு ஆடும் டர்ஃபில் ஸ்பாஞ்ச் நீரை உறிஞ்சிக் கனக்கும்.

பழையபடி ஆக்க முடியுமா. தவறாகச் செய்துவிட்டால் திரும்பத் தைக்க வழி உண்டா என்பதை முதலிலேயே பாருங்கள். காசை விட இது முக்கியம் என்பேன்.

விதி. சர்வதேச விதிப்படி கிளவுஸ் கையின் இயல்பான அளவைக் குறிப்பிடும்படி பெரிதாக்கக் கூடாது. 290 மி.மீ. நீளம், 180 மி.மீ. அகலம், 110 மி.மீ. உயரம் உள்ள திறந்த பெட்டிக்குள் அது சிரமமில்லாமல் அடங்க வேண்டும். பேடிங்கைக் குறைத்தால் இதில் சிக்கல் வராது. சிக்கல் வேறு இடத்தில் வரும். மற்ற ஆட்டக்காரருக்கு ஆபத்தான எதையும் அணியக் கூடாது என்பதும் விதி. சில கிளவுஸில் ஸ்பாஞ்சுக்கு அடியில் கெட்டிப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். ஸ்பாஞ்சை எடுத்த பின் அதன் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அம்பயர் கழற்றச் சொல்வார், சொல்லவும் வேண்டும்.

## வழி 1: வீட்டிலேயே பிரிப்பது

முதலில் உங்கள் கிளவுஸ் பிரிக்கக்கூடியதா என்று பாருங்கள். பேடின் ஓரத்தில் நகத்தை நுழையுங்கள். நகம் அடியில் போனால், அது தனியாக வெட்டி மேலே வைத்துத் தைத்த துண்டு. பிரிக்கலாம். பேடின் ஓரம் விரலின் பக்கவாட்டுத் தையலுக்குள் போய் மறைந்தால், இரண்டுக்கும் ஒரே தையல் என்று அர்த்தம். அதைப் பிரித்தால் விரலே திறந்துகொள்ளும். கை வைக்காதீர்கள். தையலே இல்லாமல் அழுத்திய பள்ளம் மட்டும் தெரிந்தால், அது சூட்டில் வார்த்தது. பிளேடு வைத்தால் கிழியும், அவ்வளவுதான்.

அடுத்து, கிளவுஸைப் போட்டு ஸ்டிக்கைப் பிடித்து, ரிவர்ஸுக்குத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே மடிந்து உறுத்துகிறதோ அங்கே சாக்பீஸால் குறியுங்கள். பெரும்பாலும் குறி விழுவது மூன்று இடத்தில். உள்ளங்கையின் நடு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவு, மணிக்கட்டுப் பட்டைக்கு மேலே உள்ள சின்னப் பேடு. இந்த மூன்றும் எடுக்கக்கூடியவை. குறி முட்டி மேல் விழுந்தால், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நான்காவது வழியைப் படியுங்கள்.

தேவையானவை: தையல் சாமான் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் சீம் ரிப்பர் (தையல் பிரிக்கும் சின்னக் கருவி), சின்னக் கத்தரிக்கோல், மயிர் பிடுங்கும் இடுக்கி, கெட்டி ஊசி, நைலான் அல்லது பாலியஸ்டர் நூல். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் சீக்கிரம் மக்கிவிடும். ஷேவிங் பிளேடும் வேண்டாம். ரிப்பரின் ஒரு முனையில் சிவப்பு மணி இருப்பது துணியைக் குத்தாமல் வழுக்கிப் போவதற்காக. பிளேடுக்கு அந்தக் கருணை இல்லை.

தொடங்கும் முன் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். கிளவுஸை முடிந்த அளவு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். உள் லைனிங் பக்கத்து நூலை மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக அறுங்கள். அப்புறம் வெளிப்பக்கம் திருப்பி, மேல் நூலை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுங்கள். சரியாக அறுத்திருந்தால் டிக் டிக் என்று ஒவ்வொரு கண்ணியாக விட்டுக்கொடுத்து, நீளமாக ஒரே இழையாக வந்துவிடும். வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், இன்னும் ஓர் இடத்தில் அறுங்கள். கடைசித் தையல்களில்தான் எல்லாரும் பொறுமை இழப்பார்கள். கிழிவதும் அங்கேதான்.

இதைவிட நல்ல முறை ஒன்று இருக்கிறது. பேடு உறை மாதிரி, உள்ளே ஸ்பாஞ்ச் செருகியதாக இருந்தால், முழுவதும் பிரிக்க வேண்டாம். மணிக்கட்டுப் பக்கத்து ஒரு விளிம்பை மட்டும் திறங்கள். உள்ளிருக்கும் ஸ்பாஞ்சை உருவுங்கள். அதே வடிவத்தில் பாதித் தடிமனுள்ள துண்டு வெட்டிச் செருகிவிட்டு, பழைய துளைகளிலேயே ஊசியை விட்டு மூடுங்கள். புதுத் துளை போடாதீர்கள். பழைய வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை விழுந்தால், ரெக்ஸின் தபால்தலை ஓரம் மாதிரி கிழிந்துவரும். நைலான் நூலின் முனையை நெருப்பில் காட்டி உருக்கினால் சின்ன உருண்டையாகக் கெட்டிப்படும். அந்த உருண்டை கைத்தோல் பக்கம் வராமல் வெளியே இருக்கட்டும்.

செலவு என்று பார்த்தால் காசு மிகக் குறைவு. முதல் முறை செய்கிறவருக்கு ஒரு மாலைப் பொழுது போகும். கண்ணுக்குத் தெரியாத செலவுகள் மூன்று. பேடு எடுத்த இடத்தில் லைனிங் தளர்ந்து, கை உள்ளே வழுக்கும். உறை போன ஸ்பாஞ்ச் வியர்வையை நேராகக் குடிக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கடல் காற்றில் ஏற்கெனவே எதுவும் சீக்கிரம் காய்வதில்லை, ஒரு வாரத்தில் நாற்றம் தாங்காது. மூன்றாவது, பிரித்த கிளவுஸைக் கடைக்காரர் மாற்றித் தர மாட்டார்.

இப்போது என் விரல் கதை. லீக் ஆடிக்கொண்டிருந்த வயதில், ரிவர்ஸ் எடுக்கும்போது சுண்டுவிரல் பேடு இடிக்கிறது என்று ஓர் இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்து எடுத்தேன். கை லேசானது போல இருந்தது. மூன்று வாரம் நன்றாகவே ஆடினேன். அப்புறம் ஒரு மேட்ச்சில் இடது கையால் மட்டும் எட்டித் தடுக்கப் போனேன். எதிராளியின் ஸ்டிக் என் கைப்பிடியோடு வழுக்கி மேலே வந்தது. பேடு இருந்த அதே இடம். அன்று இரவு விரல் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. எக்ஸ்ரேயில் நடு எலும்பில் விரிசல். பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஐந்து வாரம் உட்கார்ந்தேன். இன்றும் மழைக்காலத்தில் அந்தக் கணு முழுசாக மடங்காது. அந்தப் பேடு இருந்திருந்தால் வீக்கத்தோடு போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முட்டிப் பேடையும் சுண்டுவிரல் ஓரப் பேடையும் எடுக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

யாருக்குச் சரி: கிளவுஸ் அளவு சரியாக இருந்து, உள்ளங்கைப் பக்கம் மட்டும் தடிமன் தொந்தரவு செய்கிறவருக்கு. ஊசி பிடித்துப் பழகிய கை வீட்டில் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பல வீடுகளில் அது பாட்டியின் கை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் செய்யும் பிரிப்பில் இருக்கும் சுத்தம் எனக்கு வராது.

## வழி 2: தைக்கிறவரிடம் கொடுப்பது

பெரியமேட்டில் தோல், ரெக்ஸின், ஷூ சாமான் கடைகள் இருக்கும் தெருக்களில் இந்த வேலை தெரிந்த கைகள் உண்டு. பள்ளிக்கூடப் பைக்கு ஜிப் மாற்றுகிறவர்களும் செய்வார்கள். போன வருடம் ஒரு மாணவனின் கிளவுஸை எடுத்துக்கொண்டு போனேன்.

"பாய், உள்ளங்கைல இருக்கற இந்தப் பேடை மட்டும் எடுத்துட்டு, அந்த இடத்துல மெல்லிசா தோல் வச்சுக் கொடுங்க."

அவர் கிளவுஸுக்குள் தன் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். "தம்பி, மிஷின் மூக்கு உள்ளங்கை வரைக்கும் போகும். விரலுக்குள்ள போகாது. அங்க கையாலதான் போடணும். நாளைக்கு வா."

மறுநாள் வாங்கியபோது வேலை என்னுடையதைவிட எவ்வளவோ நேர்த்தியாக இருந்தது. ஒன்றுதான் குறை. செருப்புக்குப் போடும் தடித்த நூல், உள்பக்கம் முடிச்சு. அரை மணி ஆட்டத்தில் பையனின் மோதிரவிரல் அடியில் கொப்புளம் வந்துவிட்டது. தப்பு என்னுடையது, நான் சொல்லவில்லை. இப்போதெல்லாம் மூன்று விஷயம் சொல்லித்தான் கொடுக்கிறேன்: மெல்லிய நூல் போடுங்கள், முடிச்சு வெளியே வரட்டும், உள்ளே பசை வேண்டாம். ஷூவுக்குத் தடவும் ரப்பர் பசை காய்ந்தால் கெட்டிப்படும். வியர்த்த கையில் அது அரித்தெடுக்கும்.

கூலி பெரிதாக இருக்காது. ஆனால் இரண்டு முறை போய் வர வேண்டும், அந்த ஒரு நாள் பிள்ளை வெறுங்கையோடு ஆடக் கூடாது. இன்னொன்று, எது எடுக்க வேண்டியது, எது கூடாது என்பது தைக்கிறவருக்குத் தெரியாது. அவருக்கு ஹாக்கி தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எடுக்கக் கூடாத பேடு ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக் கொடுங்கள்.

யாருக்குச் சரி: உள்ளங்கை ரெக்ஸின் ஏற்கெனவே தேய்ந்து ஓட்டை விழுந்து, மேல்பக்கம் மட்டும் நன்றாக இருக்கும் கிளவுஸுக்கு. அப்படிப்பட்டதை வீட்டில் பிரித்தால் பாதியில் கைவிடுவீர்கள். அவரிடம் போனால் இன்னொரு சீசன் வரும்.

## வழி 3: மெல்லிய கிளவுஸ் வாங்குவது

ஜலந்தரிலும் மீரட்டிலும் தயாராகும் கிளவுஸ்கள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. வெளிநாட்டுப் பெயர் போட்டவை ஆயிரத்தைத் தாண்டும். உள்ளங்கை திறந்த வகை ஒன்று உண்டு. புறங்கையில் மட்டும் கெட்டி ஸ்பாஞ்ச் ஓடு, உள்பக்கம் பட்டைகள் மட்டும். ஸ்டிக் நேராகத் தோலில் படும். பிடி வரவில்லை என்று சொல்லும் பிள்ளைக்குப் பேடிங் பிரித்துக் கிடைக்கும் பலன் இதில் பிரிக்காமலே கிடைத்துவிடும், முட்டிக் காப்பும் குறையாது.

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது. பெனால்டி கார்னர் கொடுத்ததும் தடுக்கிறவர்கள் முகக்கவசத்தையும் தடித்த கிளவுஸையும் எடுத்து மாட்டுவதையும், ஆபத்து நீங்கியதும் கழற்றி எறிவதையும் அங்கே பார்த்திருப்பீர்கள். அந்த மட்டத்தில் ஆடுகிறவர்கள் ஒரே கிளவுஸை எல்லா வேலைக்கும் இழுப்பதில்லை. நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒரே கிளவுஸில் எல்லாம் அடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

வாங்கப் போகும்போது ஸ்டிக்கையும் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ஆன்லைனில் அளவு பார்த்து வாங்கியதில் பாதிப் பேர் என்னிடம் வந்து நிற்கிறார்கள். கிளவுஸைப் போட்டு ஸ்டிக்கைப் பிடித்தால் விரல் நுனியில் காலியிடம் இருக்கக் கூடாது. "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கலாம்" என்பது சட்டைக்குச் சரி, கிளவுஸுக்குச் சரிவராது.

மறைந்திருக்கும் செலவு, வளர்ச்சிதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு வருடத்துக்கு மேல் ஒரு கிளவுஸ் நிற்பது கஷ்டம். விலை அதிகமானதை அந்த வயதில் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

## வழி 4: கிளவுஸைத் தொடாமல் மற்றதைச் சரிசெய்வது

இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதுவே போதுமானதாக இருக்கிறது.

கையில் தெரியும் தடிமன் கிளவுஸ் மட்டும் இல்லை, ஸ்டிக்கின் கிரிப்பும் சேர்ந்தது. போன வாரம் ஒரு பெண் பிள்ளையின் ஸ்டிக்கை வாங்கிக் கிரிப்பை உரித்தேன். மேலே மஞ்சள், அதற்குக் கீழே அழுக்கேறிய டவல் கிரிப், அதற்கும் கீழே கடையில் வாங்கும்போதே சுற்றியிருந்த கறுப்பு. மூன்று அடுக்கு! தேயத் தேயப் புதுசை மேலேயே சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். மூன்றையும் எடுத்துவிட்டு மெல்லிய கிரிப் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தேன். கனமாக இருக்கிறது என்று சொன்ன அதே கிளவுஸை அன்றைக்குக் கழற்றவே இல்லை.

அதோடு, புது ஸ்பாஞ்ச் முதல் சில நாள் முரண்டு பிடிக்கும். தினமும் வீட்டில் இருபது நிமிடம் கிளவுஸோடு ஸ்டிக்கைப் பிடித்து, பந்து இல்லாமல் வெறுமனே திருப்பிப் பழகினால் இரண்டு வாரத்தில் மடிப்பு விழுந்துவிடும். வெயிலில் காயப்போட்டு இளக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஸ்பாஞ்ச் விறைத்துப் பொடியும். நிழலில் காற்றோட்டம் போதும்.

இந்த வழி எடுபடாத இடம் ஒன்றுதான். கிளவுஸ் பெரிய அளவாக இருந்தால், கிரிப்பை மாற்றினாலும் விரல் நுனித் துணி மடிந்து கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் வந்து உட்காரும். பேடிங்கைப் பிரித்தால் அந்தத் தொளதொளப்பு இன்னும் கூடும். அளவு தவறென்றால் மூன்றாவது வழி தவிர வேறு வழி இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வீட்டில் பிரிப்பது | தைக்கக் கொடுப்பது | மெல்லியது வாங்குவது | தொடாமல் விடுவது |
|---|---|---|---|---|
| காசு | மிகக் குறைவு | கொஞ்சம் | அதிகம் | ஒரு கிரிப் விலை |
| நேரம் | ஒரு மாலை | இரண்டு நடை | கடைக்கு ஒரு நடை | இரண்டு வாரப் பழக்கம் |
| பழையபடி ஆக்க | பழைய துளையில் தைத்தால் முடியும் | கஷ்டம் | பழைய கிளவுஸ் அப்படியே இருக்கும் | கேள்வியே இல்லை |
| காப்பு குறையுமா | தவறான பேடை எடுத்தால் நிறைய | சொல்லிக் கொடுத்தால் இல்லை | வகையைப் பொறுத்தது | இல்லை |
| மறைந்த செலவு | தளர்வு, நாற்றம் | முடிச்சு, பசை | கை வளர்ச்சி | பொறுமை |

பத்து வயதுக்குக் கீழே என்றால் நான்காவதை முடித்துவிட்டு மூன்றாவதுக்குப் போங்கள், பிரிக்கும் பேச்சே வேண்டாம். அந்த வயதில் பிள்ளைகளுக்கு எங்கே அடிபடும் என்ற பயம் இன்னும் வந்திருக்காது, கை எங்கே வேண்டுமானாலும் போகும். கிராவல் தரையில் டிஃபென்ஸ் ஆடும் பெரிய பையனுக்கும் முட்டிப் பக்கம் எதையும் குறைக்காதீர்கள். டர்ஃபில் ஆடும் ஃபார்வர்டுக்கு, கிளவுஸ் கச்சிதமாக இருந்து உள்ளங்கை மட்டும் தடித்திருந்தால், முதல் வழியைத் தைரியமாகச் செய்யலாம். பள்ளி கொடுத்த கிளவுஸ் என்றால் அது உங்களுடையது இல்லை, அடுத்த வருடம் இன்னொரு பிள்ளையின் கை அதற்குள் போகும்.

பிரிக்க முடிவு செய்தவர்கள், எடுத்த பேடுகளைக் குப்பையில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, எந்த விரல், எந்தப் பக்கம் என்று எழுதி கிட் பைக்குள் வையுங்கள். ஒரு நாள் கோச் அவனை பெனால்டி கார்னரில் முதலில் ஓடித் தடுக்கச் சொல்வார். அதற்கு முந்தின இரவு அந்தக் கவரை வீடு முழுக்கத் தேடுவீர்கள்.